எண்ணாமல் போட்ட கையெழுத்து

புகார்ப் பிரிவில் மூன்று ஜன்னல்கள். முதல் ஜன்னலில் படிவம் கொடுப்பார்கள். இரண்டாவது ஜன்னலில் அந்தப் படிவம் தப்பு என்பார்கள். மூன்றாவது ஜன்னலில் ஆளே இருக்கமாட்டார். எண்ணிக்கைக்காரி நான்காவது தடவையாக வந்த அன்று மூன்றாவது ஜன்னலில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்குக் கடவுளையே கண்ட மாதிரி இருந்தது என்றால், முந்தைய மூன்று தடவையும் அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மணி பதினொன்றே முக்கால். ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஒன்பது பேர். அரசு வழக்கறிஞர் மேல் புகார் கொடுக்கக் கெடு ஆறு மாதம், அவர் வழக்கை முடித்து உத்தரவு போட்ட நாளிலிருந்து. அந்த ஆறு மாதம் இன்றைக்கு ஒரு மணியோடு முடிகிறது. நாளைக்குத் தங்கத் தகட்டில் எழுதிக்கொண்டு வந்தாலும் வாங்கமாட்டார்கள்.

பக்கத்தில் தம்பி மனைவி, நீல நிறக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். செத்தது அவளுடைய புருஷன். எண்ணிக்கைக்காரிக்கு ஒரே தம்பி. அவன் இருந்தவரை இந்த நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒருவர் சமையலில் ஒருவர் உப்புக் குறை சொல்லாத நாள் கிடையாது. இந்த எட்டு மாதமாக உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

எண்ணிக்கைக்காரி என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். அறுவைக் கூடத்தில் கருவி எண்ணுவது அவள் வேலை. கத்தி, கத்தரி, இடுக்கி, ஊசி, பஞ்சுத்துணி என்று உள்ளே போனது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று தையல் போடுவதற்கு முன்னால் இரண்டு பேர் வாய்விட்டு எண்ண வேண்டும். ஒருத்தர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கையெழுத்து. ஒரு முறை பஞ்சுத்துணி ஒன்று குறைகிறது என்று சொல்லிப் பெரிய டாக்டரை இருபது நிமிடம் கையைத் தூக்கியபடி நிற்க வைத்தாள். அவர் பல்லைக் கடித்தார், கத்தினார், வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்றார். துணி கடைசியில் நோயாளியின் வயிற்றுக்குள் இருந்தது. அன்றிலிருந்து அவள் எண்ணி முடிக்கும்வரை அந்தக் கூடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். துவைக்கப் போட்ட காலுறை ஒற்றையாகத் திரும்பினால் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் புருஷன் பஸ் டிரைவர். நல்லவேளை நமக்கு ஒரே பிள்ளையோடு நின்றது, இல்லாவிட்டால் தினம் சாப்பாட்டு நேரத்தில் ஆஜர் எடுத்திருப்பாள் என்று அவர் வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்வார்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குவதற்கு முன் மின்பெட்டியின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுப் பூட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, அதில் ஒரு எண். புதுப் பூட்டு கைக்கு வந்த அன்றே அதன் இரண்டாவது சாவியை எல்லார் முன்னாலும் ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிடுவார்கள். உலகத்தில் அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி, அது குழிக்குள் இருப்பவனின் பைக்குள். “பூட்டு பெட்டியில, சாவி பையில, அப்புறம்தான் கால் குழியில” என்பது அவர்கள் தொழில் பாடம். தம்பியின் பூட்டு நாற்பத்தொன்று.

எட்டு மாதத்துக்கு முன்னால், பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் அவன் குழிக்குள் இருந்தபோது லிஃப்ட் இறங்கிவிட்டது.

வேலையிடத்தில் ஒருவர் செத்தால் போலீஸ் சேகரித்ததையெல்லாம் வாங்கிப் பார்த்து, வழக்கு உண்டா இல்லையா என்று முடிவு செய்கிறவர் அரசு வழக்கறிஞர். அவர் இரண்டே மாதத்தில் முடிவு செய்துவிட்டார். உத்தரவு ஒன்றரைப் பக்கம். அதில் கடைசிப் பத்தி எண்ணிக்கைக்காரிக்கு மனப்பாடம். இறந்தவர் மின்பெட்டியைப் பூட்டாமல் பூட்டை வெறுமனே தொங்கவிட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கியபடியால் தன் கவனக்குறைவால் மரணமடைந்தார்; பூட்டு திறந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டுக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது; மேல் நடவடிக்கை தேவையில்லை.

தன் கவனக்குறைவால். செருப்பைக் கழற்றினால்கூட வாசல் பக்கம் பார்க்க ஜோடியாக வைக்கிறவன் அவன். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவன். அவனுடைய ஒன்பது வயது மகள் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அப்பா கவனமில்லாமல் செத்துப்போனாராமே, நிஜமா என்று கேட்டாள். யாரோ பெரியவர்கள் பேசியது யாரோ பிள்ளையின் காதில் விழுந்து, அங்கிருந்து இவள் காதுக்கு வந்திருக்கிறது. அன்றைக்குத் தம்பி மனைவி சொன்னாள், எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்த ஒரு வார்த்தையை எடுக்கணும் அண்ணி என்று. எண்ணிக்கைக்காரி எடுத்துவிடலாம் என்றாள்.

எடுக்க வழியும் இருந்தது. தம்பியோடு வேலை பார்த்த நெட்டையன்தான் சத்தம் கேட்டு மேல் மாடியிலிருந்து முதலில் ஓடி வந்தவன். மின்பெட்டிக்குக் கீழே நாற்பத்தொன்றாம் பூட்டு கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன். பூட்டு திறந்து கிடக்கவில்லை. அதன் வளையம் இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. காலையிலிருந்தே லிஃப்ட் ஓடவில்லை என்று குடியிருப்புக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்களாம். யாரோ பொறுமை இழந்து வெட்டிப் போட்டு, சுவிட்சைத் தட்டியிருக்கிறார்கள். நெட்டையன் இதையெல்லாம் அரசு வழக்கறிஞர் முன்னால் சொன்னான். அவர் தட்டச்சு செய்யச் சொன்னார். இரண்டு பக்கம் வந்தது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டான். அந்த இரண்டு பக்கமும் கோப்பில் இல்லை. எங்கே என்று எழுதிக் கேட்டதற்கு, அப்படி ஒரு வாக்குமூலம் பதிவாகவில்லை என்று முத்திரையோடு பதில் வந்தது.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எண்ணிக்கைக்காரிக்குத் தெரியாது. கட்டடக்காரருக்கு வேண்டியவர் என்று சிலர் சொன்னார்கள். கோப்பு சீக்கிரம் மூடினால் பதவி உயர்வு என்று சிலர் சொன்னார்கள். வேலியே பயிரை மேய்கிறபோது அதற்கு என்ன பசி என்று ஆராய்ந்து ஆவதென்ன? அவளுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தாள். அதற்கே நான்கு தடவை நடக்க வேண்டியிருந்தது.

முதல் தடவை வந்தபோது இது நீதிபதிகள் மேல் புகார் கொடுக்கும் படிவம் என்று திருப்பி அனுப்பினார்கள். கொடுத்ததே அவர்கள்தான். இரண்டாம் தடவை, உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும் என்றார்கள். அதை யார் சான்றிடுவார் என்றால், அதே அரசு வழக்கறிஞர். திருடனிடமே போய், ஐயா, நீங்கள் திருடியதற்கு ஒரு ரசீது எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிற கதை. அந்த நகலுக்கு ஐந்து வாரம் அலைந்தாள். ஒரு நாள் அந்த அலுவலக நடையில் அவரே எதிரே வந்தார். நல்லா இருக்கீங்களாம்மா என்று விசாரித்துவிட்டுப் போனார். இவளும் பழக்கதோஷத்தில் நல்லா இருக்கேன் சார் என்று சொல்லித் தொலைத்தாள். அதற்காக அன்று முழுவதும் தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது, ஜன்னலில்தான் ஆள் இல்லை. பயிற்சிக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். பொதுமக்களிடம் எப்படி நடந்துகொள்வது என்ற பயிற்சியாம்.

வரிசை நகர்ந்தது. இப்போது முன்னால் ஆறு பேர். கெடு ஒரு பக்கம் இருக்கட்டும். கோப்புக்குள் இருந்த படிவத்தில் பதினோராவது கட்டத்தை அவள் நிரப்பாமலே கொண்டு வந்திருந்தாள்.

அந்தக் கட்டத்தின் கதை தம்பியை அடக்கம் செய்த நாலாம் நாள் தொடங்கியது. அவனுடைய பொருள்களை வாங்கிக்கொள்ளும்படி அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். தம்பி மனைவி எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்தாள். எண்ணிக்கைக்காரிதான் போனாள். அவர் தன் அறைக்குள் கூப்பிட்டு, உட்கார வைத்து, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். மேசைமேல் வாய் ஒட்டிய பிளாஸ்டிக் பை. அதன் வழியே தம்பியின் கைக்கடிகாரம் தெரிந்தது. அது ஓடிக்கொண்டிருந்தது. அவள் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பையைப் பிரிக்கப் போனாள். அப்போது அவர் சொன்னார்.

“வேண்டாம்மா. இங்க உட்கார்ந்து ஒவ்வொண்ணா எடுத்து எண்ணிப் பாத்தா உங்களுக்குத்தான் கஷ்டம். வீட்டுக்குப் போய் பொறுமையா பாருங்க.”

யாரும் அந்த நாலு நாளில் அவளிடம் அவ்வளவு இதமாகப் பேசியிருக்கவில்லை. எல்லாரும் தம்பி மனைவியிடம்தான் ஆறுதல் சொன்னார்கள். அக்காவுக்கு யார் சொல்வார்கள்? அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பது வருஷம் பெரிய டாக்டர் கத்தியும் எண்ணாமல் ஒரு கையெழுத்துப் போடாதவள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பட்டியலின் அடியில் கையெழுத்தைப் போட்டாள். பட்டியலை அவள் படிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, எவ்வளவு நல்ல மனுஷர் தெரியுமா என்று புருஷனிடம் சொன்னாள்.

பையில் ஐந்து பொருள்கள் இருந்தன. கடிகாரம், கைபேசி, பணப்பை, ஸ்க்ரூடிரைவர், சாவி. ஐந்துதான் போல என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தபோதுதான் அதோடு பட்டியலின் நகலும் வந்தது. அதில் ஆறு. ஆறாவது வரியில் பூட்டு ஒன்று, எண் நாற்பத்தொன்று. கீழே, ஆறு பொருள்களும் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன். அதற்குக் கீழே அவள் பெயர், அவள் கைப்பட.

பூட்டு வெட்டப்பட்டது என்று நிரூபிக்கப் பூட்டு வேண்டும். பூட்டு எங்கே என்று கேட்டால், உங்களிடம்தானே கொடுத்தோம் என்பார்கள். இதைவிடச் சுத்தமாக ஒரு கதவைச் சாத்த முடியாது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

தம்பி மனைவி அந்த நகலைப் பார்த்ததும் சொன்னது இது.

“உங்க கையெழுத்து மாதிரியே போட்டிருக்காங்க பாருங்க அண்ணி, படுபாவிங்க. நீங்க எண்ணாம கையெழுத்துப் போடுவீங்களா? இதுகூடத் தெரியாம உங்க பேரைப் போட்டு மாட்டிக்கிட்டாங்க.”

எண்ணிக்கைக்காரி நகலை மடித்துக் கோப்பில் வைத்தாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். ஆறு மாதமாக ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். தம்பி மனைவி பார்க்கிறவர்களிடம் எல்லாம், எங்க அண்ணி கையெழுத்தைத் திருட்டுத்தனமாப் போட்டுட்டாங்க என்று சொல்லச் சொல்ல, இவளுக்கு வாய் இன்னும் இறுகிப்போனது. புருஷனிடம் மட்டும் ஒரு நாள் உடைத்துச் சொன்னாள். அவர், யானைக்கும் அடி சறுக்கும், விடு, மிரட்டி வாங்கினார்கள் என்று எழுதிவிடு, அவர் மட்டும் யோக்கியமாகவா எழுதினார் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் அவள் பதினோராவது கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

அவள் முறை வந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

குமாஸ்தா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். விரலில் ரப்பர் உறை போட்டு ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பார்த்தார். உத்தரவின் நகல் சரி. பொருள் பட்டியல் சரி. தம்பியின் கால்சட்டைப் பையிலிருந்து சாவி எடுக்கப்பட்டதாகப் பிணவறையில் எழுதிய குறிப்பு சரி. வாக்குமூலம் பதிவாகவில்லை என்ற பதில் சரி. கடைசியாக நெட்டையனின் கடிதம், இரண்டு பக்கமும் கையால் எழுதி அவன் கையெழுத்திட்ட ஒரே தாள். அவன் இன்னும் அதே கம்பெனியில் வேலை பார்க்கிறான். இதை எழுத ஆறு மாதம் பயந்து, போன வாரம்தான் எழுதிக் கொடுத்தான். ஒரு தடவைதான்கா எழுதுவேன், ரெண்டாந்தடவை கேக்காதீங்க என்று சொல்லித்தான் கொடுத்தான்.

குமாஸ்தா படிவத்துக்குத் திரும்பினார். பதினோராவது கட்டத்தில் விரல் நின்றது. பொருள் பெற்றதற்கான கையொப்பம் பற்றி மூன்று பிரிவுகள் அதில் இருந்தன. அ, கையொப்பம் என்னுடையது அல்ல. ஆ, வற்புறுத்திப் பெறப்பட்டது. இ, வேறு. அ போட்டாலும் ஆ போட்டாலும் புகார் நேராக விசாரணைக்குப் போய்விடும் என்றும், இ போட்டால் முதலில் பரிசீலனைக் குழுவுக்குப் போகும் என்றும், அவர்கள் சரி என்றால்தான் மேலே நகரும் என்றும் அவர் விளக்கினார். எவ்வளவு நாள் ஆகும் என்று எண்ணிக்கைக்காரி கேட்டாள். சொல்ல முடியாதுங்க என்றார். அவர் அப்படிச் சொன்ன விதத்திலேயே அந்தக் குழுவின் இலட்சணம் தெரிந்துவிட்டது.

தம்பி மனைவி ஜன்னல் பக்கம் குனிந்து, “இதுல யோசிக்க என்ன இருக்கு. அ போடுங்க சார். அது அவங்க கையெழுத்தே இல்ல” என்றாள்.

குமாஸ்தா எண்ணிக்கைக்காரியைப் பார்த்தார். “இல்லதானேம்மா?”

ஒரு சின்னக் குறி. பேனாவால் ஒரு கோடு. அது போட்டால் விசாரணை, தம்பி மனைவியின் முகத்தில் நிம்மதி, வீட்டில் சமாதானம். எண்ணிக்கைக்காரி பேனாவை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் அவளுக்கு அந்தக் கோபம் வந்தது. அரசு வழக்கறிஞர் மேல் வந்த கோபம், தன்மேல் வந்த கோபம், இரண்டும் ஒன்றாகக் கலந்திருந்தன. நடக்காத ஒன்றை நடந்ததாக ஒரு வரி எழுதியதற்காகத்தானே அந்த ஆள் மேல் புகார் கொடுக்க வந்திருக்கிறோம்? அதே புகாரில் நானும் ஒரு வரி எழுதினால், அவர் சிரித்துக்கொண்டே அந்தக் கையெழுத்தை நிபுணரிடம் அனுப்பி, பாருங்கள், இந்தக் குடும்பமே இப்படித்தான் என்று சொல்லமாட்டாரா? அதுவும் தம்பி பெயரில்தானே போய் விழும்?

“அது என் கையெழுத்துதான்” என்றாள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. “யாரும் மிரட்டல. எண்ண வேண்டாம்னு சொன்னார். நான் எண்ணல.”

தம்பி மனைவி நிமிர்ந்தாள். கேட்டது சரியா என்று பார்க்கிறவள் மாதிரி இவள் வாயையே பார்த்தாள்.

“நீங்களா அண்ணி?”

எண்ணிக்கைக்காரி தலையசைத்தாள்.

“ஆறு மாசமா நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். நீங்க பக்கத்துலயே நின்னு கேட்டுட்டு இருந்தீங்க.”

தம்பி மனைவி கோப்பை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பின்னால் நின்ற தொப்பைக்காரர், குடும்பக் கதையை வெளியில் போய்ப் பேசிக்கொள்ளக் கூடாதா, எங்களுக்கும் இன்றைக்குத்தான் கெடு என்று முணுமுணுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எரிச்சலில் எல்லாருக்கும் நியாயம் இருக்கிறது.

எண்ணிக்கைக்காரி இ என்ற பிரிவில் குறி போட்டாள். அதற்குக் கீழே எழுத நாலே வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். கையொப்பம் என்னுடையது. யாரும் வற்புறுத்தவில்லை. எண்ண வேண்டாம் என்று அரசு வழக்கறிஞர் அன்பாகச் சொன்னார், நான் எண்ணாமல் கையெழுத்திட்டேன். பைக்குள் பூட்டு இல்லை. நாலு வரியும் சரியாக நிறைந்தது. இந்த நாலு வரி எழுதவா ஆறு மாதம் ஆயிற்று என்று நினைத்தபோது அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

குமாஸ்தா அதைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். தாள்களையெல்லாம் அள்ளிக்கொண்டு முத்திரை போடவும் நகல் எடுக்கவும் உள்ளே போனார். உள்ளேயிருந்து நகல் இயந்திரம் இருமுவது கேட்டது. தாள் சிக்கிக்கொண்டதாக யாரோ யாரையோ குறை சொன்னார்கள். மணி பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. எண்ணிக்கைக்காரி பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

குமாஸ்தா மூச்சு வாங்க வந்தார். தாள்களை ஓரத்தில் நூல் கோத்துக் கட்டியிருந்தார். ஒரு தடிப் பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். புகார் ஒன்று, இணைப்புகள் ஐந்து, சரிபார்த்து ஒப்படைத்தேன் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. சீல் குத்திக் கொடுத்துடறேன். மணி ஆயிடுச்சு.”

பக்கத்து ஜன்னலின் தகரக் கதவு கடகடவென்று இறங்கியது. தொப்பைக்காரர் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவளுக்குக் கண் கலங்கி எழுத்தெல்லாம் மிதந்தது. தொலையட்டும், முடிந்தால் போதும் என்று பேனாவைக் கட்டத்தில் வைத்தாள்.

ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“எண்ணிட்டுப் போடுங்க, அண்ணி.”

தம்பி மனைவியின் முகம் இளகியிருக்கவில்லை. குரலும் இளகவில்லை. அழுது முடித்த மூக்கு சிவந்திருந்தது. அவள் அந்தக் கட்டைத் தன் பக்கம் இழுத்து முதல் தாளைப் புரட்டினாள்.

எண்ணிக்கைக்காரி, “உத்தரவு நகல். ஒண்ணு” என்றாள்.

தம்பி மனைவி, “ஒண்ணு” என்றாள்.

பட்டியல் இரண்டு. பிணவறைக் குறிப்பு மூன்று. பதிவாகவில்லை என்ற பதில் நான்கு. அதற்குப் பிறகு நூல்தான் இருந்தது. இருவரும் முதலிலிருந்து எண்ணினார்கள். நான்குதான் வந்தது. நெட்டையனின் கடிதம் இல்லை.

இருக்கும்மா, அஞ்சையும் நான்தானே எடுத்துக்கொண்டு போனேன், கையெழுத்தைப் போடுங்கள், சாயங்காலம் சேர்த்துவிடுகிறேன் என்றார் குமாஸ்தா. அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. அவருக்கும் பசி, அவருக்கும் மணி ஆகிவிட்டது. உலகத்தில் பாதி அநியாயம் இப்படித்தான் யாருக்கோ மணி ஆகிவிட்டதால் நடக்கிறது.

எண்ணிக்கைக்காரி பேனாவைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் ஜன்னல் மேடைமேல், தகரக் கதவு இறங்குகிற இடத்தில் வைத்தாள். பெரிய டாக்டரை நிற்க வைத்த அதே முகம்.

“அஞ்சாவது வராம இந்த ஜன்னலைச் சாத்த முடியாது சார்.”

தொப்பைக்காரர் இப்போது முணுமுணுக்கவில்லை. தன் கையிலிருந்த கட்டைப் பிரித்து அவரும் எண்ண ஆரம்பித்திருந்தார். குமாஸ்தா எழுந்து உள்ளே போனார். நகல் இயந்திரத்தின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் கழித்து, காது சிவக்க, ஒற்றைத் தாளோடு திரும்பி வந்தார். மூடிக்கு அடியிலேயே இருந்ததாம். நாளைக்கு வேறு யாராவது அதைத் திறந்து, எந்தக் கோப்பு என்று தெரியாமல் குப்பையில் போட்டிருப்பார்கள். சொல்லாமலே மூன்று பேருக்கும் தெரிந்தது.

நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றடிக்க ஒரு நிமிடம் இருந்தது. அவர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார், இந்த முறை அவசரப்படுத்தவில்லை.

“ஒண்ணு” என்று ஆரம்பித்தாள் எண்ணிக்கைக்காரி. ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள் தம்பி மனைவி. ஐந்து வந்ததும் எண்ணிக்கைக்காரி கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது, ஏனென்றால் மணிக்கட்டைத் தம்பி மனைவி இன்னும் விடவில்லை.